சனிக்கிழமை சித்தப்பா வருகிறார்

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. தங்கைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. போனில் எது கேட்டாலும் "ம், சாப்பிட்டேன்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை சித்தப்பா கோலாலம்பூர் வருகிறார். மீன்காரரிடம் கேட்டு வாங்கின வெள்ளை ஐஸ் பெட்டியில், ஃப்ரீசரில் உறைய வைத்த காய் அனுப்புகிறேன். பயத்தங்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய், துருவின தேங்காய், கொஞ்சம் பெத்தாய்க் கொட்டை. முருங்கை நம் வீட்டு மரத்தில் பறித்தது, மற்றதெல்லாம் இங்கே ஆயர் ஈத்தாம் சந்தையில் விடிகாலையில் வாங்கினது. ஆண்டுக் கடைசி மழையில் கேமரன் மலைக் காய் விலை ஏறினபோது நாங்களும் இப்படி எடுத்து வைத்ததைத்தான் சாப்பிட்டோம். ருசியில் ஒரு குறையும் இல்லை.

பயத்தங்காயை விரல் நீளத்துக்கு நறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் 3 நிமிடம் போட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் முக்கினேன். அப்படிச் செய்யாமல் பச்சையாக வைத்தால் ஃப்ரீசருக்குள்ளேயே நிறம் மங்கி வைக்கோல் வாடை வந்துவிடும். துணியில் ஒற்றி, தட்டில் பரப்பி உறைய வைத்து, அப்புறம்தான் பையில் போட்டேன். போன தடவை இரண்டு பேருக்கு என்று கட்டினேன். இந்தத் தடவை எல்லாம் சின்னப் பை. தேவைப்பட்டால் இரண்டு பையைப் பிரித்துக்கொள். பெத்தாய் மருமகளுக்குப் பிடிக்கும் என்று வைத்தேன். அது இருக்கட்டும், கெட்டுப்போகாது.

எதையும் வெளியே எடுத்து இளக விடாதே. இளகினால் தண்ணீர் விட்டுத் தொய்ந்துவிடும். கடுகு வெடித்து, வெங்காயம் வதங்கி, சட்டி நல்ல சூட்டில் இருக்கும்போது பயத்தங்காயைப் பையிலிருந்து நேராகக் கொட்டு. மூடாதே, தண்ணீரும் தெளிக்காதே. பாதி வெந்த காய்தானே, ஐந்து நிமிடம் போதும். தேங்காயைக் கடைசியில் போடு. வெண்டைக்காய் வறுவலுக்கு வராது, புளிக்குழம்பில் போடு. முருங்கைக்காயைப் பருப்பு வெந்த பிறகு கொதிக்கிற சாம்பாரில் அப்படியே போடலாம். அதையும் இளக விடாதே.

அந்த இரும்புச் சட்டி உன்னிடம்தானே இருக்கிறது? இல்லாவிட்டால் சொல், வேறு அனுப்புகிறேன்.

உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. படிக்கும்போதே ஹாஸ்டல் பையன்களுக்கெல்லாம் ரசம் வைத்துக் கொடுத்தவன் நீ. உன் கைப்பக்குவம் யாருக்கும் வராது என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்லுவாள். அப்படிப்பட்டவன், தீபாவளிக்கு அனுப்பின பையில் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லையே. போன தடவை சித்தப்பா ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தாராம். நான் பெயர் எழுதி ஒட்டின தாளெல்லாம் அப்படியே இருந்ததாம். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, தம்பி.

கடைச் சாப்பாடு ஒரு நாள், இரண்டு நாள் சரி. தினமும் ராத்திரி பதினொரு மணிக்கு ரொட்டி சானாய் என்றால் உடம்பு என்ன ஆவது? வேலை முடிந்து வந்து காய் நறுக்க அலுப்பாக இருக்கும். அதற்காகத்தான் நறுக்கியே அனுப்புகிறேன். ஒரு பிடி சோறு, ஒரு பிரட்டல், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பழைய பைகளைத் தூக்கிப் போடாதே. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருந்தால் எட்டு மாதம் தாங்கும். மேலே ஐஸ் படிந்திருந்தால் சாம்பாருக்கு எடுத்துக்கொள்.

சித்தப்பா பகல் ஒரு மணிக்குள் வந்துவிடுவார். காவலரிடம் வைத்துவிட்டுப் போகச் சொல்லாதே, வெயிலில் உருகிவிடும். நீயே கீழே இறங்கி வந்து வாங்கு. அவரை மேலே கூட்டிக்கொண்டு போய் ஒரு வாய் தேத்தண்ணீர் கொடு. ஓரத்தில் இளகின பை இருந்தால் திரும்ப ஃப்ரீசரில் வைக்காமல், அவரையும் உட்கார வைத்து அன்றைக்கே சமைத்துவிடு.

இப்படிக்கு,
அம்மா