வெள்ளை சேஜ் கட்டு ஏன் எங்களிடம் இல்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஊதுவத்தி, தியான விரிப்பு எல்லாம் வைத்திருக்கும் நாங்கள், புகை போடக் கொளுத்தும் வெள்ளை சேஜ் மூலிகை இலைக் கட்டையும் ‘வீட்டைச் சுத்திகரிக்கும் சடங்குப் பெட்டி’யையும் மட்டும் ஏன் விற்பதில்லை என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். சரக்கு வரவில்லை என்று சொல்லி நழுவ மனமில்லை. யோசித்துத்தான் வேண்டாம் என்று விட்டோம்.

வெள்ளை சேஜ் இயற்கையாக வளர்வது தெற்குக் கலிஃபோர்னியாவிலும், அதை ஒட்டிய மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவிலும்தான். சாம்பல் பூத்த இலை. கசக்கினால் வாசனை விரலிலேயே தங்கிவிடும். அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு அது மருந்து, வழிபாட்டுப் பொருளும்கூட. வேண்டிக்கொண்டு, தேவைக்கு மட்டும், செடி திரும்பத் துளிர்க்கும்படி பறிப்பார்கள். ஆனால் சந்தைக்காகக் காட்டில் திருட்டுத்தனமாக மூட்டை மூட்டையாக வெட்டுவதும் நடக்கிறது. நூல் சுற்றிக் கடைக்கு வந்துவிட்ட கட்டைப் பார்த்து, எது பயிரிட்டது, எது திருடியது என்று எங்களால் சொல்ல முடியாது.

சரி, பயிரிட்ட இலை என்று உறுதியாகத் தெரிந்தால்? இலையை விற்கலாம். அதோடு ஒரு செய்முறைத் தாளை வைத்துச் சடங்காக விற்பதுதான் எங்களுக்கு ஒப்பவில்லை. அமெரிக்க அரசு 1883-இல் கொண்டுவந்த விதிகளின்படி, பூர்வகுடிகள் தங்கள் சடங்குகளை நடத்தினால் ரேஷன் நிறுத்தப்படும், சிறையும் உண்டு. அவர்களுடைய வழிபாட்டு உரிமையைக் காக்கத் தனிச் சட்டம் வந்தது 1978-இல்தான். கனடாவில் மேற்குக் கரைப் பூர்வகுடிகள் பரிசுகள் வழங்கி நடத்தும் பாட்லாட்ச் எனும் விழாவுக்கு 1885 முதல் 1951 வரை தடை. 1921-இல் அப்படியொரு விழாவை நடத்தியவர்களைக் கைது செய்து, முகமூடிகளையும் பறித்துக்கொண்டார்கள். தாத்தா சிறைக்குப் போகக் காரணமான வழிபாட்டை, பேரன் கண்ணெதிரே யாரோ பெட்டியில் அடைத்து விற்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

அவர்களே சொல்லியும்விட்டார்கள். தங்கள் சடங்குகளைக் காசாக்குபவர்கள் மீது ‘போர்’ என்றே லகோட்டா எனும் அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் 1993-இல் அறிவித்தார்கள். பொறுப்பான பெரியவர்கள் இல்லாமல் நடத்தும்போது உயிருக்கே ஆபத்தும் உண்டு. 2009-இல் அரிசோனாவில், பெரும் கட்டணம் வாங்கி ஒருவர் நடத்திய வியர்வைக் குடில் சடங்கில் (சூடான கற்களின் ஆவி நிறைந்த மூடிய குடிலில் உட்காரும் பூர்வகுடிச் சடங்கு) மூன்று பேர் இறந்தார்கள். நடத்தியவருக்குச் சிறை கிடைத்தது.

‘எல்லாப் பண்பாடும் கொடுத்து வாங்கித்தானே வளர்ந்தது?’ என்றும் கேட்கிறீர்கள். உண்மைதான். பௌத்தத் தியானம் நாடு நாடாகப் போனது, ஆசிரியர்களே மனமுவந்து கற்றுக்கொடுத்ததால். அதனால்தான் தியான விரிப்பை நிம்மதியாக விற்கிறோம். ஒரு சமூகத்துப் பெரியவர்கள் உங்களைத் தங்கள் சடங்குக்கு அழைத்தால் தாராளமாகப் போங்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டு நடங்கள். அந்த அழைப்பை எங்கள் கடையில் வாங்க முடியாது, அவ்வளவுதான்.

வாசனைக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால் தோட்டத்துச் சேஜ், ரோஸ்மேரி, லாவெண்டர் கட்டுகள் இருக்கின்றன. வாசனைப் பொருள் என்றுதான் அட்டையில் போட்டிருக்கிறோம். சுத்திகரிப்பு, சக்தி என்றெல்லாம் எழுதவில்லை. வெள்ளை சேஜை வேறெங்காவது ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் தூக்கி எறிய வேண்டாம். செடி வெட்டியாயிற்று, வீணாக்காமல் பயன்படுத்துங்கள். தீர்ந்ததும் இன்னொன்று வாங்காதீர்கள்.

அன்புடன்,
கடை நிர்வாகத்தினர்