கவுண்டி ஃபேருக்கு போயிட்டு வந்தோம் கண்ணு

கண்ணு,

நல்லா இருக்கியா, வேளைக்கு சாப்டறியா. போன்ல பேசினா ம்ம் ம்ம்னு ரெண்டு தடவ சொல்லிட்டு மீட்டிங்னு வெச்சிடற, அதனால உக்காந்து டைப் பண்றேன், நேரம் இருக்கறப்ப மெதுவா படி.

சனிக்கெழமை உன்ற அக்காவும் மாப்பிள்ளையும் ரோசன்பர்க்னு ஒரு ஊருக்கு கூட்டிட்டு போனாங்க, ஹூஸ்டன்ல இருந்து தென்மேக்கால இருக்குது. அங்க ஃபோர்ட் பெண்ட் கவுண்டி ஃபேருனு, கவுண்டின்னா நம்ம ஜில்லா மாதிரி, வருசாவருசம் செப்டம்பர் கடைசில ஆரம்பிச்சு அக்டோபர் வரைக்கும் நடக்குதாம். போய் எறங்குனா நம்ம அந்தியூர் குருநாதசாமி தேர்த்திருவிழாவுக்கு வந்த மாதிரியே இருக்குது, புல்லுக்காட்டுல கார நிறுத்திட்டு மண்ணுல நடந்து போறோம், ஒரு பக்கம் ராட்டினம், ஒரு பக்கம் மாடு குதிரை, நடுவால பூரா எண்ணெய் சட்டி.

எத பாத்தாலும் மாவுல முக்கி எண்ணெயில போடறாங்க கண்ணு. குச்சில சொருகி சோளமாவு பூசி பொரிக்கிற சாசேஜ் ஒண்ணு, கார்ன் டாக்னு பேரு, அப்பறம் வான்கோழிக் கால ஆளாளுக்கு கதாயுதமாட்டம் தூக்கிட்டு கடிச்சுட்டே போறாங்க. எனக்கு புரட்டாசி சனி, கவுச்சி தொடல. ஒரு அம்மா புனல்ல மாவு ஊத்தி எண்ணெயில சுத்தி சுத்தி விட்டுச்சு பாரு, ஒரே மூச்சுல தட்டளவுக்கு வலை மாதிரி வந்துடுச்சு, கை அப்படி பழகி இருக்குது, திருப்பி போட்டு எடுத்து மேல சக்கரைத்தூள கொட்டி குடுக்குது. நான் அங்கயே நின்னுட்டேன். முட்டை போட்டிருப்பாங்கன்னு மாப்பிள்ளை சொன்னாரு, அதனால பாத்ததோட சரி. அப்பறம் பேரன் அம்மிச்சி இது வெஜ்தான்னு ஓரியோ பிஸ்கட் பஜ்ஜி வாங்கிட்டு வந்து குடுத்தான், உள்ள பிஸ்கட் ஊறி கேக்கு மாதிரி ஆயிடுது, ஒண்ணு நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டாவது நெஞ்சுலயே நின்னுக்குச்சு. அந்த மாவுல என்ன போட்டாங்கன்னு நானும் கேக்கல, யாரும் சொல்லவும் இல்ல, பெருமாள் பாத்துக்கட்டும். டல்லாஸ் ஸ்டேட் ஃபேருல 2006ல கோக்குல மாவு கரைச்சு பொரிச்சு பிரைஸ் வாங்கினாங்களாம், 2009ல வெண்ணெயவே மாவுல சுத்தி பொரிச்சாங்களாம். இனி தண்ணியதான் பொரிக்கணும்.

பொழுதோட ரோடியோ, அதான் காளை மேலயும் குதிரை மேலயும் ஏறி பண்ற போட்டி. எல்லாரும் எந்திரிச்சு தொப்பிய கழட்டறாங்க, மைக்ல ஒருத்தர் சாமி கும்பிடறாரு, ஒரு புள்ள கொடிய புடிச்சுட்டு குதிரைல நாலுகால் பாய்ச்சல்ல சுத்தி வருது. காளை மேல உக்கார்றவன் ஒரே கையாலதான் கயித்த புடிக்கணும், இன்னொரு கை காளை மேல பட்டா அவுட்டு, 8 செகண்டு தாக்குப்புடிக்கணும். 100 மார்க்குல 50 ஆளுக்கு, 50 காளைக்கு. காளை சரியா துள்ளலீன்னா இவன் எவ்வளவு ஜோரா உக்காந்திருந்தாலும் மார்க் ஏறாது. அது எனக்கு ரொம்ப புடிச்சுது. அலங்காநல்லூர்ல திமில புடிச்சு தொங்கறாங்க, இங்க மேல ஏறி உக்கார்றாங்க, காளைக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு உங்கப்பா இருந்தா சொல்லியிருப்பாரு. பொம்பளைங்க மூணு பீப்பாய சுத்தி குதிரை ஓட்டறாங்க, பீப்பா ஒண்ணு சாஞ்சா 5 செகண்டு கூட்டிடறாங்க, அது கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

கன்னுக்குட்டிக்கு சுருக்கு போடறது மட்டும் எனக்கு ஒத்துக்கல. குதிரைல தொரத்தி கழுத்துல கயித்த வீசி, எறங்கி ஓடி கன்ன தூக்கி கீழ போட்டு மூணு காலயும் சேத்து கட்டறாங்க, கட்டு 6 செகண்டு அவுராம நிக்கணும். ஆளு எறங்குனதும் குதிரை தானா பின்னால நகந்து கயித்த விறைப்பா வெச்சுக்குது, அந்த குதிரைய மெச்சலாம். ஆனா கன்னு கத்துனதும் நான் மூஞ்சிய திருப்பிட்டேன். அந்தக் காலத்துல பண்ணைல மருந்து குடுக்க சூடு போட இப்படித்தான் புடிப்பாங்கன்னு மாப்பிள்ளை சொன்னாரு, சரி, அப்ப வேலைக்கு புடிச்சாங்க, இப்ப எதுக்கு கடிகாரத்த வெச்சுக்கிட்டு.

செம்மறி ஆட்டு மேல 5, 6 வயசு புள்ளைங்கள ஹெல்மெட் மாட்டி உக்கார வெச்சு விட்டாங்க. உன்ற மருமகனுக்கும் போகணுமாம், அக்கா விடல. மாமா சின்னப்புள்ளைல நம்ம கெடா மேல ஏறி விழுந்து பல்ல ஒடச்ச கதைய நான் சொல்லிட்டேன், இப்ப உனக்கு ஆட்டு மாமான்னு பேரு.

ரோடியோவுக்கு முன்னாடி மத்தியானம் மாட்டுக் கொட்டாய்க்கு போனோம், அத சொல்லத்தான் இவ்வளவும். ஃபோர்-எச், எஃப்எஃப்ஏன்னு பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்கு அமைப்பு இருக்குது, புள்ளைங்களே கன்னு, ஆடு, பன்னி வளத்தி ஃபேருக்கு கொண்டு வந்து ஏலத்துல விக்கறாங்க, காசு காலேஜுக்கு. பதிமூணு வயசு இருக்கும், ஒரு புள்ள மாட்ட குளிக்க வெச்சு தலைக்கு போடற மாதிரி ட்ரையர் போட்டு முடிய சீவி விட்டுட்டு இருந்துச்சு. பாத்தா திமிலு இருக்குது, கழுத்துக்கு அடில தோலு தொங்குது, சாம்பல் நெறம், நம்ம வீட்டு மாடு மயிலை மாதிரியே! பிராமன்னு சொல்றாங்க, ஓங்கோல், கிர், காங்க்ரேஜுன்னு நம்ம நாட்டு மாடுங்கள அந்தக் காலத்துலயே கொண்டாந்து கலந்து உண்டாக்கின இனமாம். இந்த ஊரு வெயிலுக்கும் உண்ணிக்கும் சீமை மாடு தாங்கல, இதுதான் தாங்குச்சாம். 1924லயே ஹூஸ்டன்ல இதுக்குன்னு சங்கம் வெச்சுட்டாங்களாம். ரோடியோ காளைங்கள்ல நெறைய காளைக்கு இந்த ரத்தம்தான்.

அப்பறம் ஏலம். ஏலம் போடறவரு மூச்சு விடாம பாட்டாட்டம் வெலைய ஏத்திட்டே போறாரு, புள்ள மாட்ட புடிச்சுட்டு நடுவால நிக்குது, ஒவ்வொரு வெலையும் கொட்டாய்ல இருக்கற அத்தன பேரு காதுலயும் விழுது. உள்ளூர் கடைக்காரங்க புள்ள படிப்புக்குன்னு சந்தை வெலைக்கு மேலயே கேக்கறாங்க. அந்தப் புள்ள அழுவும்னு நெனச்சேன், அது முடிஞ்சதும் கயித்த குடுத்துட்டு கைய தட்டிட்டு போயிடுச்சு. எனக்குத்தான் தொண்டை அடைச்சுது.

நம்ம தரகர் ரெண்டாந்தரம் வந்து மயிலைய கேட்டதா நீ சொன்னீல்ல. விக்கவே வேண்டாம்னு நான் சொல்லல, நீயும் எத்தன நாளைக்கு வாராவாரம் கோயமுத்தூர்ல இருந்து பஸ் ஏறி வந்து தீனி பாப்ப. ஆனா அவரு தோள்ல இருக்கற துண்ட எடுத்து உன்ற கை மேல போட்டு, யாருக்கும் தெரியாம வெரல புடிச்சு வெலை பேச வந்தாருன்னா கைய உருவிக்க. உனக்கு அந்த வெரல் கணக்கு தெரியாது, அவருக்கு உனக்கு தெரியாதுன்னு தெரியும். கட்டுத்தரைல நின்னு, பெரியப்பாவ பக்கத்துல வெச்சுக்கிட்டு, வெலைய வாயால சொல்ல சொல்லு. மாடு சினை, கன்னுக்கு தனியா சேத்து கேளு. அவரு என்ன சொல்றாரோ அப்படியே எனக்கு மெசேஜ் போடு, இங்க நடுராத்திரியா இருந்தாலும் பரவால்ல, நான் பதில் சொல்ற வரைக்கும் முன்பணம் வாங்கிடாத. தவுட்டுக்காரருக்கு பாக்கி இருக்குது, குடுத்துடு.

அம்மா