‘வென்றார்’ என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குத் தங்கள் ஞாயிறு மலரில் அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் "பரம்வீர் சக்ரா விருதை வென்ற தமிழர்" என்ற வரியைப் படித்ததும் சோற்றில் கல் கடிபட்டது போலாயிற்று. வெல்வதற்கு இது என்ன பேச்சுப் போட்டியா?

போர்க்களத்தில் காட்டிய வீரத்துக்கு நாடு தரும் மிக உயர்ந்த இந்த விருதுக்கு யாரும் விண்ணப்பிப்பதில்லை. சண்டை ஓய்ந்தபின் பட்டாலியனின் கமாண்டிங் ஆபீசர் பரிந்துரை எழுதுவார். கண்ணால் பார்த்தவர்களின் வாக்குமூலத்தையும் சேர்க்க வேண்டும். காகிதம் பிரிகேடு, டிவிஷன், கோர், கமாண்டு என ஏறி ராணுவத் தலைமையகம், பாதுகாப்பு அமைச்சகம் வழியாகக் குடியரசுத் தலைவரிடம் போய்ச்சேரும். போகும் வழியில் பரம்வீராகக் கிளம்பியது அடுத்த படிகளான மகாவீர் சக்ராவாகவோ வீர் சக்ராவாகவோ இறங்கிவிடுவதும் உண்டு. பார்த்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை என்றால் பரிந்துரை எழுதுவதே பெரும்பாடு. இத்தனையும் தாண்டி இதுவரை 21 பேருக்குத்தான் வழங்கியிருக்கிறார்கள். அவர்களில் 14 பேர் அதைக் கையில் வாங்க உயிரோடு இல்லை. பரமேஸ்வரனும் இல்லை. ‘மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது’ என்று எழுத எத்தனை எழுத்து கூடிவிடும்?

"அண்டை நாட்டு மோதலில் தனி ஆளாக எதிரிகளைத் துவம்சம் செய்தார்" என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். அண்டை நாட்டுக்குப் பெயர் உண்டு, ஊருக்கும் உண்டு. இலங்கையின் யாழ்ப்பாணத்தில் உடுவிலை அடுத்த கந்தரோடை. 1987 நவம்பர் 25. ஆயுதம் தேடிப் போய் இரவில் திரும்பிய பரமேஸ்வரனின் 8-ஆவது மகார் படைப்பிரிவினரை விடுதலைப் புலிகள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். பரமேஸ்வரன் ஓடி ஒளியவில்லை. ஆட்களுடன் சுற்றி வந்து தாக்கியவர்களின் பின்பக்கமாகப் பாய்ந்தார். கைகலப்பில் மார்பில் குண்டு. சுட்டவனின் துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டார். உயிர் பிரியும்வரை ஆணையிட்டுக்கொண்டிருந்தார். விருதுக் குறிப்பு சொல்லும் கணக்கு: இறந்த போராளிகள் 5, கைப்பற்றியவை 3 துப்பாக்கிகள், 2 ராக்கெட் லாஞ்சர்கள். இது போதாதென்று துவம்சம் வேறு வேண்டுமா?

எதிரே நின்றவர்களும் தமிழர்கள் என்பது தங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். அங்கே அனுப்பப்பட்டவர்களுக்கு அது இன்னும் பெரிய சங்கடம். அனுப்பியது சரியா தவறா என்று தலையங்கத்தில் தாராளமாக வாதாடுங்கள். இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையின் கடைசிப் பிரிவு 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது முதல்வரே வரவேற்கப் போகவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அங்கே இழந்துவிட்டுத் திரும்பிய படை அது. அந்தக் கூச்சம் இன்னுமா பத்திரிகைகளை விட்டுப் போகவில்லை?

படத்துக்கு வருகிறேன். தாங்கள் போட்டது பச்சை ரிப்பனும் நடுவில் காவிக் கோடும் கொண்ட பதக்கம். அது அசோக சக்ரா, போர்முனைக்கு வெளியே காட்டிய வீரத்துக்கானது. 2014இல் சோபியானில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்குக் கொடுத்தார்களே, அது. பரம்வீர் சக்ரா வெண்கலத்தால் ஆனது. நடுவில் அரசுச் சின்னம், சுற்றிலும் நான்கு வஜ்ராயுதங்கள், ரிப்பன் கோடில்லாத ஊதா. போன கார்கில் நாளில் மேஜர் சரவணனுக்கும் தாங்களாகவே பரம்வீர் சூட்டினீர்கள். அவருக்கு வழங்கியது வீர் சக்ரா. அது வெள்ளிப் பதக்கம், ரிப்பனில் பாதி கருநீலம், பாதி காவி. பெரிய விருதாக மாற்றி எழுதினால் பெருமை கூடும் என்று நினைக்கிறீர்கள் போலும். உள்ளதைச் சிறியது என்று சொல்வதாகத்தான் அது முடிகிறது.

பரம்வீர் சக்ராவுடன் கிடைப்பது "ஒரே தவணையில் 20,000 ரூபாய்" என்று எழுதியதும் பிழை. அது மாதாமாதம் வரும் படித்தொகை. 2017இல்தான் 10,000இலிருந்து உயர்த்தினார்கள். மாநில அரசுகள் தரும் ரொக்கம் தனி.

ஆசிரியர் அறியாததல்ல இவையெல்லாம், அவசரத்தில் விடுபட்டிருக்கும். அடுத்த ஞாயிறன்று ஓர் ஓரத்தில் நான்கு வரித் திருத்தம் போடுங்கள். கந்தரோடை என்ற பெயர் அதில் இருக்கட்டும். படத்தை மாற்றும்போது ரிப்பன் ஊதாதானா என்று அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவர்