அண்ணனின் பங்கையும் எழுதுங்கள்

ஐயா,

தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் டிஸ்னி நிறுவன வரலாற்றைப் படித்தேன். 1923-இல் தொடங்கியது, 1928-இல் மிக்கி மவுஸ் திரைக்கு வந்தது, 1955-இல் டிஸ்னிலேண்ட் திறந்தது யாவும் இருந்தன. ஆனால், தம்பி வால்ட்டின் கனவுகளுக்கெல்லாம் பணம் திரட்டிக் கொடுத்த அண்ணன் ராயைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தமளிக்கிறது. 1966-இல் தம்பி மறைந்ததும், 73 வயதில் ஓய்வைத் தள்ளிவைத்த அவர், ஃபுளோரிடாவில் தம்பி திட்டமிட்டிருந்த பூங்காவைக் கட்டி முடித்து, அதற்கு ‘வால்ட் டிஸ்னி வேர்ல்ட்’ என்று தம்பியின் பெயரையே சூட்டி, 1971 அக்டோபரில் திறந்துவைத்து, அவ்வாண்டு டிசம்பரிலேயே காலமானார். இதை நான் சொல்லக் கேட்ட என் பேத்தி, தங்கள் இதழிலிருந்த மிக்கி படத்தின் ஓரத்தில் ‘ராய் தாத்தா’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த வாரமேனும் அவரைப் பற்றி எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குடியாத்தம், வேலூர் மாவட்டம்.