உளவியலாளர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடர் தோல்விக்குப் பிறகு ஓர் அணிக்கு உளவியலாளர் நியமிக்கப்பட்டது குறித்துத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். விளையாட்டு உளவியல் ஏதோ நேற்று முளைத்த தொழில் என்பதுபோல் எழுதியிருந்தது உறுத்தியது. பல ஆண்டுகளாகத் தடகள வீராங்கனைகளோடு இந்தப் பணியைச் செய்துவருபவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

சைக்கிள் பந்தய வீரர்கள் துணைக்கு ஆள் இருந்தால் வேகமாக ஓட்டுவது ஏன் என்று அமெரிக்க உளவியலாளர் நார்மன் டிரிப்லெட் ஆராய்ந்தது 1898இல். 1925இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கோல்மன் கிரிஃபித் இதற்கென ஆய்வுக்கூடமே அமைத்தார். 1938இல் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் பிலிப் ரிக்லி அவரை வேலைக்கு அமர்த்தினார். பயிற்சியும் ஆட்டம்போலவே நெருக்கடியோடு நடக்க வேண்டும் என்று கிரிஃபித் சொன்னார். இன்று எல்லாப் பயிற்சியாளரும் ஒப்புக்கொள்ளும் யோசனை. அணியின் அன்றைய மேலாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மேலாளரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிரிஃபித்தின் அறிக்கைகள் நேரே உரிமையாளரின் மேசைக்குப் போயின. தங்களைப் பற்றி முதலாளிக்கு எழுதுகிறவரிடம் யார் மனம் திறந்து பேசுவார்கள்?

இந்தக் கோணல் பல காலம் நீடித்தது. 1960களில் அமெரிக்க உளவியலாளர்கள் புரூஸ் ஒகில்வியும் தாமஸ் டட்கோவும் வீரர்களின் குணத்தை அளக்கும் வினாத்தாள்களைப் பரப்பினார்கள். வீரர் எழுதிய பதில்களின் முடிவு பயிற்சியாளர் கைக்குப் போனது. இந்தத் துறைக்கு ஒகில்வி செய்த நன்மைகள் ஏராளம். ஆனாலும் இதற்கு எழுந்த எதிர்ப்பு நியாயமானதே.

1965இல் ரோமில் ஃபெருச்சியோ அன்டோனெல்லி தலைமையில் விளையாட்டு உளவியலுக்கான உலகச் சங்கம் பிறந்தது. 1969இல் இத்துறையின் ஐரோப்பியக் கூட்டமைப்பின் முதல் தலைவராக வந்தவர் பல்கேரியாவின் எமா ஜெரோன் என்ற பெண்மணி. இதைச் சொல்லும்போதே எனக்குப் பெருமையாக இருக்கிறது. 1980களின் நடுவில் அமெரிக்காவில் ஜான் சில்வா போன்றவர்கள் களப்பணிக்கென்று தனிச் சங்கம் கண்டார்கள். தகுதிச் சான்றிதழும் ஒழுக்க விதிகளும் அதன் வழியே வந்தன. வீரர் நம்பிச் சொன்னதை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்பது அவ்விதிகளில் முக்கியமானது.

ஏட்டில் இருக்கும் விதியைக் களத்தில் காப்பாற்றுவதுதான் கடினம். ஒருமுறை இறுதிப் போட்டிக்கு முன், போட்டியாளர்கள் காத்திருக்கும் அழைப்பு அறையில் ஓர் ஓட்டக்காரப் பெண் காலணிக் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக உட்கார்ந்திருந்தாள். அணி நிர்வாகி ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, "இவள் தாங்குவாளா, மாட்டாளா? உங்களிடம் என்ன சொன்னாள்? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். சொல்ல முடியாது என்றேன். அடுத்த போட்டிக்கான பட்டியலில் என் பெயர் இல்லை. அந்தப் பெண்ணோ தன் கூட்டாளிகளை என்னிடம் அனுப்பத் தொடங்கினாள்.

ஆகவே தங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படி ஒரு நியமனம் பற்றி எழுதும்போது, அவர் எத்தனை பதக்கம் வாங்கித் தருவார் என்று கேட்பதற்கு முன், முறையான பயிற்சி பெற்றவரா, வீரர்கள் சொல்வதை நிர்வாகத்திடம் சொல்ல வேண்டியதில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிலையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
விளையாட்டு உளவியலாளர் ஒருவர்