பைத்தன் மாநாட்டுக்கு வெளியூர்ப் பிள்ளைகளை அழைத்துவர உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

பைத்தன் என்ற கணினி நிரல்மொழிக்காகக் கொழும்பில் தமிழில் நடக்கவிருக்கும் மாநாட்டுக்கு இன்னும் 795,000 ரூபா தேவைப்படுகிறது. மண்டபம் எடுத்தாயிற்று. சாப்பாட்டுக்கும் காசு இருக்கிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகளை அழைத்துவரும் பஸ்களுக்கும் அவர்கள் தங்குவதற்கும்தான் இல்லை. பஸ்களுக்கு அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குள் முற்பணம் கட்டவேண்டும்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளைகள் செய்நிரல் எழுதப் பழகுவது பைத்தனில்தான். ஆனால் அதை வைத்தே பிழைக்கும் ஒருவரை நேரில் கண்டு, தங்கள் சந்தேகத்தைத் தமிழில் கேட்க அவர்களில் பலருக்கு வழியில்லை. இந்த மாநாட்டை நாங்கள் தொடங்கியதே அவர்களுக்காகத்தான். அவர்கள் வராமல் வெள்ளவத்தைக்காரரும் தெஹிவளைக்காரரும் மட்டும் கூடிக் கலைவதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

அறிவியலைத் தமிழில் சொல்வது நமக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்தார். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணினித் தொழினுட்ப நிறுவனம் 1987இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் கணினி பழகிய மூத்தவர்கள் சிலர் இன்றும் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு முன்வரிசை ஒதுக்கச் சொன்னவர்களும் அவர்களே.

பைத்தனுக்கும் தமிழுக்கும் உள்ள உறவையும் சொல்லவேண்டும். 1989 நத்தார் விடுமுறையில் ஆம்ஸ்டர்டாமில் கைடோ வான் றொசம் எழுதத் தொடங்கிய மொழி இது. 1991இல் வெளியிட்டார். 2008இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து, நிரலில் மதிப்புகளை வைத்திருக்கும் மாறிகளுக்கே தமிழில் பெயர் வைக்கலாம். ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழி பைத்தனில்தான் எழுதப்பட்டது. வேலையும் இன்னும் மிச்சமிருக்கிறது: ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தன் 5 என்கிறது, நமக்கு அது 3 எழுத்து. மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் ‘ி’ என்ற விசிறிக் குறியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. இதைச் சரியாகக் கையாளும் ‘ஓப்பன் தமிழ்’ போன்ற நிரலகங்களை, அதாவது எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆயத்த நிரல்தொகுப்புகளை, தமிழர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வேலையைத் தொடரப்போகும் கைகள் கிளிநொச்சியிலோ கொட்டகலையிலோ இருக்கலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். இரண்டு நாள் மண்டபத்துக்கு 480,000 ரூபா. 300 பேருக்கு மத்தியானச் சாப்பாடும் தேநீரும் 720,000. ஒலி, ஒளிப்பதிவு, இணையம் 145,000. இவை மூன்றுக்கும் பணம் சேர்ந்துவிட்டது. மூன்று பஸ்களுக்கு 435,000, ஆசிரியர்களையும் சேர்த்து 120 பேர் இரண்டு இரவு தங்க 360,000. இதற்குத்தான் கையேந்தி நிற்கிறோம். வரும் ஒருவருக்கு ஆகும் செலவு 6,625 ரூபா. முழுதாக முடியாதவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தும் கொடுக்கலாம்.

இதுவரை தாங்கியவர்களை நன்றியோடு நினைக்கிறோம். சென்ற முறையும் இம்முறையும் பெயரட்டைகளை இலவசமாக அச்சடித்துத் தந்த வெள்ளவத்தை அச்சக உரிமையாளர், கேட்குமுன்பே தேநீர்ச் செலவை ஏற்ற கொட்டாஞ்சேனை வணிகர், டொரொன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மாதாமாதம் சிறுகச் சிறுக அனுப்பும் நண்பர்கள், தன் ஓய்வூதியத்தில் ஒரு பங்கைத் தந்து பெயர் வேண்டாம் என்ற கணித ஆசிரியை, இரவிரவாகக் கதிரை அடுக்கிய பல்கலைக்கழகப் பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருக்க இறைவன் அருளட்டும். அந்த ஆசிரியையின் பணம் வந்த அன்று குழுவில் எல்லோருக்கும் கண் கலங்கியது.

அப்புறம், சொல்லித்தான் ஆகவேண்டிய ஒன்று. பைத்தனால் சம்பளம் வாங்கி, வீடு கட்டி, பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைத்தவர்கள் நம்மில் பலர். அந்த மொழிக்காக யாரும் நம்மிடம் ஒரு ரூபா உரிமக் கட்டணம் கேட்டதில்லை. அமெரிக்காவின் பைத்தன் மாநாட்டில் பேச்சாளர்களும் ஏற்பாட்டாளர்களும்கூட நெடுங்காலம் தங்கள் நுழைவுக் கட்டணத்தைத் தாங்களே கட்டி வந்தார்கள். எங்கள் குழுவினரும் அப்படியே கட்டிவிட்டோம். ஆடிவேல் வீதியுலா வரும்போது நான் ஏன் கொடுக்கவேண்டும் என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. வித்தியாதானமும் இறைபணிதானே! வசதியிருந்தும் பேசாமல் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் எடுக்கவேண்டும்.

இத்துடன் உள்ள படிவத்தில் வங்கிக் கணக்கு இலக்கம் இருக்கிறது. கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு தருவோம். மாநாடு முடிந்து ஒரு மாதத்துக்குள் வரவுசெலவு அறிக்கையும் கொடுப்பவர்கள் எல்லோருக்கும் வரும். பணம் முழுதாகச் சேராவிட்டால் முதலில் நிறுத்தவேண்டி வருவது அதிகச் செலவுள்ள யாழ்ப்பாண பஸ்தான். அந்தப் பாடசாலைகளுக்கு நாங்கள் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டோம், ஆகவே 10ஆம் திகதிக்கு முன் அனுப்பிவிடுங்கள்.

இங்ஙனம்,
மாநாட்டு ஏற்பாட்டுக் குழு,
கொழும்பு