அந்த ஊசி கோவையில் கிடைக்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மூளையில் ரத்தம் கசிந்த பிறகு வரும் ரத்தக்குழாய்ச் சுருக்கத்துக்கு 'வளர்ச்சிக் காரணி' (செல்களை வளரத் தூண்டும் புரதம்) சிகிச்சை வரப்போகிறது என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் இரண்டு பேர், "அந்த ஊசி கோவையில் கிடைக்குமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டார்கள். என் மனைவி அப்படியொரு கசிவிலிருந்து மீண்டவள். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு.

கிடைக்காது. பெரும்பாலான ஆய்வுகள் எலி, முயலோடு நிற்கின்றன. சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் ஊறப் போடும் எரித்ரோபொய்டின் என்ற வளர்ச்சிக் காரணியை 2009இல் கேம்பிரிட்ஜில் 80 பேரிடம் சோதித்தார்கள். கடுமையான சுருக்கம் குறைந்தது. ஆனால் 80 பேர்தானே? இன்னொரு பக்கம், சில வளர்ச்சிக் காரணிகள் குழாய்ச் சுவரைத் தடிக்க வைத்து, சுருக்கத்துக்கே துணைபோகலாம் என்ற சந்தேகமும் உண்டு. குழாய் விரிந்தால் ஆள் தேறிவிடுவார் என்பதும் நிச்சயமில்லை. கிளாசோசென்டான் என்ற வேறு வகை மருந்து சுருக்கத்தைக் குறைத்தது. ஆனாலும் பெரிய சோதனையில் நோயாளிகள் தேறியதில் வித்தியாசம் தெரியவில்லை.

சரி, அதெல்லாம் டாக்டர்கள் பாடு. நீங்கள் எழுதாமல் விட்டது நாள் கணக்கு. சுருக்கம் உடனே வருவதில்லை. கசிந்த 3ஆம் நாள் வாக்கில் தொடங்கி இரண்டு வாரம் வரை பயம் இருக்கிறது. எங்களுக்கு அது தெரியாது. தலைவலியில் என் மனைவி சுருண்டு விழுந்தபோது பித்தம் என்று தைலம் தேய்த்தவர்கள்தானே நாங்கள்! அப்புறம் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய், கசிந்த ரத்தக்குழாயை அடைக்க ஆபரேஷன் செய்து கிளிப் போட்டாயிற்று. "ஆபரேஷன் முடிந்தது, இந்த வெயிலில் எதற்குக் கிடக்க வேண்டும், ஊருக்குக் கூட்டிப் போகலாம்" என்று மச்சான் வண்டியே பேசிவிட்டார். 6ஆம் நாள் காலை, சீப்பைக் கேட்க நினைத்தவள் "சாவி" என்றாள். அப்படிப் பேச்சு குழறியது சுருக்கத்தின் அறிகுறி. வார்டில் இருந்ததால் உடனே பார்த்தார்கள். மலைப்பாதையில் பாதி வழியில் அது நடந்திருந்தால்?

இன்றைக்குக் கைவசம் இருப்பது நிமோடிபின் மாத்திரை. 4 மணி நேரத்துக்கு ஒரு முறை, 21 நாள். நடுராத்திரி 2 மணி வேளையையும் விடக் கூடாது என்பார் நர்ஸ்; தூக்கத்திலிருந்து எழுப்பியதற்கு மனைவி இன்றும் என்னைத் திட்டுகிறாள்.

அடுத்த இதழில் அந்த இரண்டு வாரக் கணக்கை நாலு வரியாவது போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கோத்தகிரி